பின்பாட்டுக்கு ஓர் ஆள்

என் அம்மாவுக்கு இப்போது 83 வயது. அப்பா காலமான பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் வீட்டில் யாருடனும் ஒட்டாமல் இருந்தார். வேளைக்குக் களியும் கீரையும் உண்பார், மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்வார், கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார். மற்ற நேரமெல்லாம் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவரிடம் காட்டினோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்தியது. நாற்று நடும் வயலில் முப்பது பெண்களுக்கு முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுத்த குரல் அவருடையது என்பதை அறிந்தவள் நான்.

கடந்த ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் காட்டோரத்துப் புளியமரங்கள் இரண்டையும் உலுக்கி, பழத்தைக் களத்தில் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாசி, பங்குனி என்றாலே புளி தட்டும் காலம். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சிறு கட்டையால் தட்டிக் கொட்டையை எடுக்கும் இந்த வேலையைத் தனியாக உட்கார்ந்து செய்தால் அரை மூட்டை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்; நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. கூலிக்கு ஆள் கிடைக்காததால், அக்கம்பக்கத்து ஆயாக்கள் நால்வரை அழைத்து அம்மாவுடன் உட்காரவைத்தேன். முதல் ஒரு மணி நேரம் கட்டை விழும் ஓசை மட்டுமே கேட்டது. பிறகு மேட்டுத்தெரு ஆயா ஒரு பழைய நடவுப் பாட்டை முனகத் தொடங்கி, இரண்டாவது அடியில் சொல் வராமல் நின்றார். அம்மா தலையை நிமிர்த்தாமலே, கையிலிருந்த புளியைப் பார்த்தபடி, அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது அடிக்கு ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். அன்று இரவு படுக்கும் முன் அம்மா என்னிடம், "நாளைக்கும் அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். ஒன்றரை ஆண்டில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் ஊரின் வியாழக்கிழமைக் கூட்டம் பிறந்தது. முதியவர்கள் கூடிப் பாடுவதாலும் பின்னுவதாலும் தைப்பதாலும் அவர்களுக்கும் அவர்களைச் சுற்றியிருப்பவர்களுக்கும் என்ன கிடைக்கிறது என்பதை, இந்த ஒன்றேகால் ஆண்டில் கண்ணால் கண்டதையும் அதற்காகத் தேடிப் படித்ததையும் கொண்டு எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் இடையிலுள்ள ஒரு கிளை அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஊருக்குள் இருக்கும் வீடுகளைப் போலவே, காட்டுக்குள் இருக்கும் வீடுகளும் ஏராளம். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வாழும் இந்த இடங்களைக் கொட்டாய் என்போம். வீட்டுக்காரரின் பெயரையோ பட்டப்பெயரையோ முன்னால் சேர்த்து இன்னார் கொட்டாய் என்றால்தான் வழி சொல்ல முடியும். பிள்ளைகள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டால், கொட்டாயில் ஒரு முதியவரும் இரண்டு ஆடுகளுமே மிஞ்சுவார்கள். கைநாட்டு வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அவர்கள் பணத்தை எண்ணிப் பார்க்காமலே முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டு, "உக்காரு போஸ்ட்டம்மா, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ" என்று பிடித்துவைத்துக்கொள்வார்கள். என் பிள்ளைகளின் படிப்பு, ஏரியில் தண்ணீர், கீழ்க்கொட்டாயில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அந்தத் தேதியில் அவர்கள் எதிர்பார்த்திருந்தது பணத்தை மட்டுமில்லை, பேச ஓர் ஆளையும் என்பது எனக்குப் புரிய ஆண்டுகள் பல ஆயின. அந்தத் தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது, இன்று அது வங்கிக் கணக்குக்குப் போகிறது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் மாதம் ஒருமுறை வாசலில் வந்து நின்ற ஆள் இப்போது இல்லை.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காடு, 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்தபடியாக இந்தியப் பெரிய மாநிலங்களில் மூத்தோர் மிகுந்த மாநிலம் நம்முடையது. இந்த எண்களைச் சொல்லும் அறிக்கைகள் உதவித்தொகை, மருத்துவம், முதியோர் இல்லம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன, பேசவும் வேண்டும். ஒரு முதியவர் பிற்பகல் மூன்று மணிக்கு யாரோடு இருக்கிறார் என்ற கேள்விக்கு மட்டும் அவற்றில் இடம் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் 1 உலக முதியோர் நாளை ஒட்டி நடந்த ஒரு விழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து இருபது பேரை வேனில் அழைத்துப் போனார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். நாற்காலியில் உட்காரவைத்தார்கள், ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள், மூன்று மணி நேரம் மேடையில் பேசினார்கள், நல்ல சாப்பாடும் போட்டார்கள். நடத்தியவர்களின் மனத்தில் அன்பு இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அந்த இருபது பேரில் ஒருவர்கூட வாய் திறக்க வாய்ப்பு வரவில்லை. திரும்பும் வழியில் வேனில் ஓர் ஆயா, "நாம போகாட்டியும் இது நடந்திருக்கும், இல்ல?" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கும்போது நான் எனக்கு விதித்துக்கொண்ட ஒரே விதி அதிலிருந்து வந்தது: அங்கே நடக்கும் எந்தச் செயலும், வந்திருப்பவர்களில் ஒருவர் குறைந்தாலும் குறைவு தெரியக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதை எங்கள் மண்ணின் கூத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, கடைசி நாளில் மண்ணால் வடித்த துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம் நடத்தும் வழக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் இன்றும் உண்டு. விடிய விடிய ஆடும் கூத்தில், வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். இதைப் பின்பாட்டு என்கிறோம். பார்ப்பவர் கண்ணுக்கு அருச்சுனனும் திரௌபதியும்தான் தெரிவார்கள். ஆனால் பின்பாட்டு இல்லாவிட்டால் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்காது, அடுத்த அடியை நினைவுபடுத்திக்கொள்ள இடைவெளி கிடைக்காது, ஒரு நாழிகைக்குள் கூத்து நின்றுவிடும். வயதான காலத்தில் ஒரு மனிதருக்கு வேடம் கட்டும் இடம் வேண்டியதில்லை. பின்பாட்டில் ஓர் இடம் போதும். தான் திருப்பிப் பாடாவிட்டால் பாட்டு நிற்கும் என்று தெரிந்த ஒருவர், முட்டி வலித்தாலும் எழுந்து வருகிறார்.

கும்மியும் அப்படிப்பட்டதே. எட்டுப் பேர் சுற்றும் வட்டத்தில் ஒருவர் வராவிட்டால் வட்டம் சிறுக்கும், கைதட்டல் இணை தவறும், "காட்டுக்கொட்டாய் ஆயா ஏன் வரல?" என்று யாராவது ஒருவர் கேட்டே தீர்வார். எங்கள் கூட்டத்தில் அந்தக் கேள்வி இருமுறை பெரும் உதவியாக முடிந்திருக்கிறது. ஒருமுறை தனியாக வாழும் ஒரு மூதாட்டி காய்ச்சலில் இரண்டு நாளாக எழ முடியாமல் கிடந்ததை அப்படிக் கேட்டுப் போய்த்தான் கண்டோம். இன்னொரு முறை வேறு ஒருவர் கண்ணில் புரை முற்றி வழி தெரியாமல்தான் வரவில்லை என்பது தெரிந்து, தருமபுரி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம்.

இடத்தையும் நேரத்தையும் தேர்ந்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பல நல்ல முயற்சிகள் முறிகின்றன. கோயில் மண்டபத்தில் தொடங்கலாம் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் காலனியிலிருந்து ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். என் வீட்டுத் திண்ணை என்றாலும் அதே தயக்கம்தான் இருந்திருக்கும். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பழைய நூலகக் கட்டடத்தின் தாழ்வாரம் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தோம். முதல் மூன்று வாரம் காலனிப் பெண்கள் தாழ்வாரத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெண்களும் வாங்க என்று வாயால் சொன்னார்களே தவிர நகர்ந்து இடம் விடவில்லை. நான்காவது வாரம் தாலாட்டுப் பேச்சு வந்தது. காலனியிலிருந்து வந்த ஓர் ஆயாவுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் ஒரு தாலாட்டு முழுவதும் நினைவிருந்தது. ஊரில் எவருக்கும் அதில் பத்து அடிக்கு மேல் தெரியாது. கற்றுக்கொள்ள விரும்பியவர்கள் அவரைச் சுற்றி நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. காது மந்தமானவர்கள் இன்னும் நெருங்க வேண்டியிருந்தது. பல தலைமுறையாக இறுகிய ஒன்று ஒரு தாலாட்டில் கரைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் தேநீர் யார் வீட்டு டம்ளரில் யார் குடிப்பது என்பது இன்னும் கேள்வியாகத்தான் இருக்கிறது. ஆனால் தாழ்வாரத்தில் ஒரே தூக்குவாளியிலிருந்து ஒரே மாதிரி டம்ளர்களில் எல்லோரும் சுக்குக் காப்பி குடிக்கிறார்கள், ஒருவர் மற்றவரை ஆயா என்றும் அக்கா என்றும் அழைக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல் இது நடந்திருப்பதை நான் சிறிதாக நினைக்கவில்லை.

நேரம் இன்னொரு சிக்கல். எங்கள் முதியவர்கள் ஓய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. காலையில் நூறு நாள் வேலை இருக்கும், இல்லாவிட்டால் ஆடு மேய்ப்பார்கள்; மாலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். நகரத்து மன்றங்களைப் போல மாலை ஆறு மணிக்கு வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். பிற்பகல் இரண்டரை முதல் நான்கு மணி வரை என்று முடிவானதும் வருகை தானாகக் கூடியது. இப்போது பதினான்கு பெண்களும் மூன்று ஆண்களும் வருகிறார்கள். நிற்க முடிந்தவர்கள் கும்மியடிப்பார்கள். முடியாதவர்கள் உட்கார்ந்தபடி தாளம் போடுவார்கள். பாட விருப்பமில்லாதவர்கள் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்துப் போர்வை தைப்பார்கள். விடுகதை எல்லோருக்கும் பொது. மார்கழியில் மட்டும் விடியற்காலையில் கூடி, நூலகத்துக்கு முன்னால் ஒரே கோலத்தைப் பலர் சேர்ந்து போட்டு, சாணப் பிள்ளையாரில் பூசணிப்பூ வைத்தார்கள். குனிய முடியாதவர்கள் எங்கே புள்ளி வைக்க வேண்டும் என்று கைத்தடியால் காட்டினார்கள்.

வேப்பனஹள்ளிப் பக்கத்திலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மாள் இருக்கிறார். பிறந்த வீட்டு மொழி தெலுங்கு. திருமணமான நாள் முதல் அவர் வெளியில் தெலுங்கு பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருநாள் அவர் தன் ஊர்க் கும்மி ஒன்றைத் தெலுங்கில் பாடினார். மெட்டு எங்களுக்குத் தெரிந்ததாகவே இருந்தது, சொற்கள்தான் வேறு. அடுத்த வாரம் நான்கு பேர் பொருள் தெரியாமலே அதைச் சேர்ந்து பாடினார்கள். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் அவர் எங்களிடையே பாதி ஆளாகத்தான் வாழ்ந்திருக்கிறார் என்பது தோன்றி எனக்கு வருத்தமாக இருந்தது.

சேர்ந்து பாடும்போது அந்நியம் விரைவில் அகல்கிறது என்பதை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பரும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வயதுவந்தோருக்கான பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். பாட்டு வகுப்பில் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே ஒருவரோடொருவர் நெருக்கமாக உணர்ந்தார்கள். ஆனால் ஏழு மாத முடிவில் மூன்று வகுப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவு நெருக்கத்தை அடைந்திருந்தார்கள். இதை நான் படித்தபோது மிகவும் ஆறுதலடைந்தேன். பாட மறுத்துத் தையலில் உட்காரும் பெண்களைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது. பாட்டு கதவை விரைவில் திறக்கிறது. தையல் மெல்லத் திறக்கிறது. உள்ளே போன பிறகு வேறுபாடில்லை.

அமெரிக்காவில் ஜீன் கோஹன் என்ற முதுமைக்கால மனநல மருத்துவர் வாஷிங்டன் நகரில் 65 வயதைக் கடந்த 166 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் பயிற்சி பெற்ற நடத்துநரின் கீழ் சேர்ந்திசைக் குழுவில் பாடினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு, பாடியவர்கள் மருத்துவரைப் பார்த்த தடவைகளும் உட்கொண்ட மருந்துகளும் கீழே விழுந்த தடவைகளும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. தனிமை உணர்வும் குறைந்திருந்தது. ஆனால் விருப்பமுள்ளவர்களே பாட வந்தவர்கள் என்பதால், பாட்டால் நலமா, நலமிருந்ததால் பாட்டா என்று ஒருவர் கேட்டால் அதைத் தள்ளிவிட முடியாது. அதனால் எனக்கு 2018-இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வு கூடுதல் நம்பிக்கை தருகிறது. அங்கே 12 முதியோர் மையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, மொத்தம் 390 பேரை ஆராய்ந்தார்கள். ஆறு மாதம் சேர்ந்து பாடியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்வில் ஈடுபாடு கூடியது. நினைவாற்றலிலும் உடல் வலுவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்தக் கடைசி வரியை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் கூட்டத்தால் அம்மாவின் முட்டி வலி குறையவில்லை. இன்னொரு ஆயாவின் மறதி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டுதான் வருகிறது. கும்மிப் பாட்டின் அடிகள் மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை, ஆனால் பாடி முடித்ததும் வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கிறார். கும்மி அடித்தால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கூட்டம் தருவது துணை. அந்தத் துணை உயிரோடு தொடர்புடையது என்பதற்கு மட்டும் வலுவான சான்று இருக்கிறது: 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லுன்ஸ்டாடும் மற்றவர்களும் 148 ஆய்வுகளை, அதாவது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

வெளிநாட்டு ஆய்வுகளைவிட என் மனத்தில் ஆழப் பதிந்த சான்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அரூரைத் தாண்டி, கோட்டப்பட்டிக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கு 1993-இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அப்பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தண்டாக்களில், பெண்களின் உடைகளை அழகுசெய்த பூத்தையல் ஏறக்குறைய வழக்கொழிந்து போயிருந்தது. மூத்த பெண்கள் ஒருசிலரின் விரல்களில் மட்டுமே அந்தத் தையல்கள் மீந்திருந்தன. அவர்களிடமிருந்து இளைய பெண்கள் கற்றுக்கொண்டு, இன்று போர்கை என்ற பெயரில் ஒரு கைவினைக் குழுவாகவே வளர்ந்திருக்கிறார்கள்; லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். வருமானம் வந்ததும் கலை மீண்டதும் பெரிய செய்திகள்தாம். நான் அதில் இன்னொன்றைப் பார்க்கிறேன். ஊசியைப் பிடிக்கும் விதத்தைத் திருத்திக் காட்ட ஒரு பாட்டியின் கையை ஒரு பெண் தேடி வருகிறாள். வயதானவரிடம் இரக்கம் காட்ட வருபவர் ஒருநாள் வருவார். கற்றுக்கொள்ள வருபவர் கற்று முடியும்வரை வருவார்.

ஆண்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது இன்னமும் எனக்குக் கைவரவில்லை. கும்மி பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிட்டார்கள். டீக்கடைப் பெஞ்சு இருப்பதால் அவர்களுக்குத் தனிமை இல்லை என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மனைவியை இழந்த ஆண்கள் அந்தப் பெஞ்சில்கூட ஓரமாக உட்கார்ந்து எழுந்து போவதைக் கவனித்த பிறகுதான் அது தவறென்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 1990-களில் ஆண்களுக்கான கொட்டகைகள் என்றொரு இயக்கம் தொடங்கி, ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு பட்டறையில் கூடி மர வேலையும் பழுது பார்ப்பதும் செய்யப் பழகினார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச வராதவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேச்சு வருகிறது என்பது அதன் அடிப்படை. அதைப் படித்துவிட்டு, தாழ்வாரத்துக்குப் பக்கத்தில் பழைய கயிற்றுக் கட்டில்கள் இரண்டைப் போட்டு, பின்னித் தர ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கயிறு திரிக்க, ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் பின்ன, முதல் நாள் பேசியதெல்லாம் கயிற்றைப் பற்றித்தான். மூன்றாவதாக வந்த கட்டிலைப் பின்னி முடிப்பதற்குள் ஒருவர் தன் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

அவர்களில் மூத்தவர் ஒரு காலத்தில் கூத்துக்கு முகவீணை வாசித்தவர். பல் போன பிறகு ஊத முடியாமல் கருவியைப் பரணில் போட்டுவிட்டார். இப்போது கட்டில் பின்னிக்கொண்டே பெண்களின் பாட்டுக்குத் தாளம் தட்டுகிறார். அருச்சுனன் தபசுப் பாட்டில் இரண்டொரு அடிகளைத் தானே எடுத்துக் கொடுத்து, பதினான்கு பெண்களைப் பின்பாட்டுப் பாடவைக்கிறார். கூத்தில் பெண்கள் பின்பாட்டுப் பாடி அவர் கேட்டதே இல்லையாம்.

வீட்டில் எதிர்ப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. "ரெண்டு குடம் தண்ணி எடுக்கச் சொன்னா முட்டி வலிக்குதுங்கறாங்க, கும்மிக்கு மட்டும் வலிக்காதா?" என்று ஒரு மருமகள் என்னிடமே கேட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. விடியற்காலை முதல் மாடு, சமையல், காடு, பிள்ளைகள் என்று ஓடுகிற ஒரு பெண்ணுக்கு, மாமியார் பாட்டுப் பாடப் போவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நான் அவரிடம் வாதாடவில்லை. தைத்து முடித்த முதல் போர்வையை அந்த மாமியாரே மருமகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவருடைய பேரன் விடுகதைக்காகச் சனிக்கிழமைகளில் பாட்டியைச் சுற்றி வரத் தொடங்கினான். வீட்டில் பேசுவதற்கு மருந்து, பணம், குறை ஆகியவை தவிர வேறு பேச்சு வந்திருக்கிறது என்று அந்த மருமகளே பிறகு சொன்னார். வெளியில் ஒரு வட்டத்தில் மதிப்போடு இருந்துவிட்டு வருகிறவர் வீட்டுக்குள் சிறு சொல்லுக்கெல்லாம் புண்படுவதில்லை என்பதை நான் அம்மாவிடமும் பார்க்கிறேன்.

ஐப்பசியில் கூட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்தார். வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. எங்கள் பெண்கள் அனைவரும் போய், தோளோடு தோள் கட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரியை வெறும் அழுகையென்று எண்ணுபவர்கள் அதை அருகிருந்து கேட்டதில்லை. இறந்தவரின் வாழ்க்கையை அந்த இடத்திலேயே பாட்டாகக் கட்ட வேண்டும். ஒருவர் கட்டும் அடி முடியும்போது அடுத்தவர் அதே மெட்டில் தொடர வேண்டும். தன் சொந்தத் துக்கத்தையும் அதற்குள் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கூடிச் செய்யும் படைப்புகளில் இதைவிடக் கடினமானதை நான் அறியேன். அப்பா இறந்தபோது பாடாத அடிகளையும் சேர்த்து அன்று அம்மா பாடினார். இரண்டு ஆண்டுக்கு முன் எங்கள் வீட்டில் ஒப்பாரி வேண்டாம், மரியாதையாக இருக்காது என்று தடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

அடுத்த இரண்டு வியாழக்கிழமைகளில் யாரும் பாடவில்லை. எல்லோரும் தைத்தார்கள். இறந்தவரின் மகள், தன் அம்மாவின் சேலைகள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவற்றை அடுக்கி, கிழிந்த இடங்களை ஒட்டுப்போட்டு, ஆளுக்கொரு வரிசையாக ஓட்டுத்தையல் போட்டு ஒரு போர்வையாக்கினார்கள். எந்த வரிசை யாருடையது என்று தையலின் நெருக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கண் தெரியாதவருக்கு மற்றவர்கள் நூல் கோத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மகள் வந்து போர்வையை வாங்கிக்கொண்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தார். அவருக்கு வயது 61. இப்போது வாராவாரம் வருகிறார்.

அம்மா புளி தட்டும்போது எடுத்துக் கொடுத்த அந்த நடவுப் பாட்டில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பதினெட்டு அடிகள் கிடைத்துவிட்டன. பதினோராவது அடி மட்டும் யாருக்கும் நினைவில்லை. அந்த இடம் வரும்போது எல்லோரும் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் இழுத்துவிட்டு அடுத்த அடிக்குத் தாவுகிறார்கள். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாயில் அம்மாவோடு அந்தக் காலத்தில் நடவுக்கு வந்த ஒருவர் இருப்பதாகவும், அவருக்கு அது தெரிந்திருக்கக்கூடும் என்றும் மேட்டுத்தெரு ஆயா சொன்னார். அவரிடம் தொலைபேசி இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு டெம்போ பேசியிருக்கிறோம். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அம்மா நேற்றே தன் வெளிர்ப்பச்சைச் சேலையை எடுத்து வெளியில் வைத்துவிட்டு, அந்தத் தோழிக்குக் கொடுக்க ஒரு படி புளியைக் கொட்டை நீக்கித் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்.